படுக்கையில் ஒருவர், பயணத்தில் மற்றவர்

திருவள்ளூர் ரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரிலிருந்து கம்பெனி பஸ் ஏறி காக்களூர் தொழிற்பேட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி வாடகை வீடெடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கும், குடும்பத்தோடு வெளியூர் போவது எப்போதாவது வாய்க்கிற காரியம். பொங்கல், தீபாவளி, மே மாதப் பள்ளி விடுமுறை, அவ்வளவுதான். அந்தப் பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கணவனோ மனைவியோ காய்ச்சலில் படுத்துவிட்டால் என்ன செய்வது? எல்லோரும் பயணத்தைக் கைவிடுவதா, படுத்தவரை வீட்டில் விட்டுவிட்டு மற்றவர்கள் போவதா? "உடம்பு முடியாதவரைப் போட்டுவிட்டு ஊர் சுற்றலாமா?" என்று நம் சமூகம் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பாசத்திலிருந்து பிறந்த தீர்ப்புதான். ஆனால் அது என்ன நோய் என்று பார்ப்பதில்லை, நோயாளியின் விருப்பத்தையும் கேட்பதில்லை. படுத்திருப்பவருக்குக் கவனிப்பு உறுதியாகிவிட்டால் மற்றவர்கள் போய்வருவதில் தவறில்லை. கவனிப்புக்கு வழி செய்யாமல் கிளம்புவதே தவறு. வழி செய்ய அவகாசமே தராத வேலைமுறைக்கும் அந்தத் தவறில் பங்கு உண்டு.

"ஊர் எங்கே ஓடிவிடப் போகிறது, அடுத்த மாதம் போனால் ஆயிற்று" என்பது மாதச் சம்பளமும் நீண்ட விடுப்பும் உள்ளவர்கள் சொல்லக்கூடிய பேச்சு. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958-இல் வந்தது. அது உறுதி செய்யும் விடுமுறை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகை நாள்கள் ஐந்தும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்பது நாள். நம் ஆலைகள் பல பத்தாண்டுகளாகப் பழகிய 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாள் உழைத்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு தந்தது. கணக்குப் பார்த்தால் 12 நாள். அதை 15 நாள் முன்னதாகக் கேட்க வேண்டியிருந்தது. ஆண்டில் மூன்று தவணைக்கு மேல் எடுக்க முடியவில்லை. காண்டிராக்ட் தொழிலாளிக்கு இதுவும் ஏட்டில் இருப்பதோடு சரி. லீவு போட்டால் அன்றைய கூலி போகும். ரயில் டிக்கெட்டின் கதையும் இப்படித்தான். 2024 நவம்பர் 1 முதல் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு தொடங்குகிறது. பண்டிகை நாள் இடங்கள் தொடங்கிய வேகத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. ரத்து செய்தால் புறப்படும் நேரம் நெருங்க நெருங்கப் பிடித்தம் கூடுகிறது. தள்ளிப்போட முடியாத பயணம் என்பதால்தான் இந்தக் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி இவ்வளவு வலிக்கிறது.

முதலில் பேச வேண்டியது நோய். ஐப்பசி, கார்த்திகை மழையோடு டெங்குவும் வருகிறது. தீபாவளியும் அந்தச் சமயத்தில்தான். டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போது "தேறிவிட்டார்" என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். மருத்துவம் அதற்கு நேரெதிராகச் சொல்கிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் தணியும் வேளையில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரம் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, அசாதாரணச் சோர்வு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நிலையில் ஒருவரை விட்டுவிட்டு யாரும் கிளம்பக் கூடாது. இதில் விவாதத்துக்கே இடமில்லை. சின்னம்மை வேறு வகை. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அது தொற்றும். தொற்றியவருக்கு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகலாம். அம்மை கண்ட வீட்டிலிருந்து, முன்பு அம்மை வராத, தடுப்பூசியும் போடாத பிள்ளைகளைக் கர்ப்பிணியும் பச்சிளங்குழந்தையும் இருக்கும் ஊர்வீட்டுக்கு அழைத்துப்போவது நோயையும் கூட்டிக்கொண்டு போவதாகும். வேப்பிலை செருகிய வீட்டிலிருந்து எங்கும் போகக் கூடாது என்று பெரியவர்கள் விதித்த கட்டுப்பாட்டை இந்த விஷயத்தில் மருத்துவமும் ஒப்புக்கொள்ளும். ஆனால் கால் பிசகியவர், முதுகுப் பிடிப்பில் படுத்தவர், அறுவைச் சிகிச்சை முடிந்து தேறிவருபவர், பயணம் மட்டும் வேண்டாம் என்று டாக்டர் சொன்னவர் ஆகியோரையும் இதே கணக்கில் சேர்ப்பது சரியில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வு, வேளைக்குச் சாப்பாடு, கூப்பிட்டால் வர ஓர் ஆள்.

அடுத்து, படுத்திருப்பது யார் என்று பார்க்க வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையில் ஈடுபட்டவர்களே பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடுதான். மனைவி காய்ச்சலில் படுத்த வீட்டில் எல்லோரும் தங்கிவிட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. அரை நாள் படுத்திருப்பார். மாலையில் எழுந்து சாதம் வடிப்பார். அவருக்குத் துணையாக இருப்பதாகச் சொல்லித் தங்கியவர்களுக்கே அவர் பணிவிடை செய்வார். இப்படிப்பட்ட வீட்டில் கணவன் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போக, மனைவியின் தங்கையோ தாயோ வந்து நாலு நாள் உடனிருந்தால், அவருக்கு அதுதான் உண்மையான மருத்துவ விடுப்பு. கணவன் படுத்தால் நிலைமை வேறாகிறது. மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுப் பொங்கலுக்குப் போனால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்பார்கள். அதையே கணவன் செய்தால், "பாவம், பிள்ளைகளுக்காகப் போனார்" என்பார்கள். ஒரே செயலை இரண்டு தராசில் நிறுக்கும் இந்த வழக்கத்துக்கு எந்த நியாயமும் கிடையாது.

இப்படிக் கிளம்புவதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமான ஒன்று உண்டு. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கென்ன" என்று நோயாளி சொல்வது மனதாரச் சொல்வதுதானா? பல வீடுகளில் அது சம்மதமாக இருப்பதில்லை; தன்னால் பிள்ளைகளின் சந்தோஷம் கெடுகிறதே என்ற குற்ற உணர்வில் வரும் பேச்சு. எதிர்ப்பு நியாயமானது. ஆனால் அதற்காகக் கேட்காமலே விட்டுவிடக் கூடாது. கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். "போகட்டுமா?" என்று கேட்டால் "போங்க" என்றுதான் பதில் வரும். "ராத்திரி உன்னோடு யார் படுத்துக்கொண்டால் உனக்குத் தைரியமாக இருக்கும்? எத்தனை நாள் தனியாகச் சமாளிப்பாய்? எது நடந்தால் நாங்கள் உடனே திரும்ப வேண்டும்?" என்று கேட்டால் மனதில் இருப்பது வெளியே வரும். முதல் கேள்விக்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை என்றால், பயணம் அங்கேயே முடிவுக்கு வந்துவிட்டது.

"ஊர் என்ன பேசும்?" என்பது இன்னொரு தடை. இதற்குப் பதில் திருவள்ளூரிலேயே இருக்கிறது. வைத்திய வீரராகவர் என்று மக்கள் கொண்டாடும் வீரராகவப் பெருமாள் கோயிலில் அமாவாசைதோறும் கூட்டம் நெரிகிறது. குளத்தில் வெல்லம் கரைக்கிறார்கள். எழுந்து வர முடியாதவருக்காக வீட்டார் வந்து வேண்டிக்கொண்டு போவதை யாரும் குறை சொல்வதில்லை. கோயில் பயணமும் உல்லாசப் பயணமும் ஒன்றா என்று கேட்கலாம். போகிற நோக்கம் வேறு என்பது உண்மை. ஆனால் வீட்டில் படுத்திருப்பவரின் தேவை இரண்டிலும் ஒன்றேதான். முதலாவதில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டுப் போக முடியும் என்றால், இரண்டாவதிலும் முடியும். வருடத்துக்கு ஒருமுறை பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் காத்திருக்கும் தாத்தா பாட்டிக்கு அது வெறும் உல்லாசமும் அல்ல.

துணைக்கு ஆள் வைப்பது என்றால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதோடு முடியாது. இரவு தங்க ஒருவர் வேண்டும். மருந்துச் சீட்டு, பழைய பரிசோதனை முடிவுகள், இ.எஸ்.ஐ. அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 என்பது துணைக்கு இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக நள்ளிரவில் வண்டி எடுப்பவர் யார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். காண்டிராக்டில் வெளிமாநிலத்திலிருந்து வந்து, அருகில் சொந்தபந்தம் யாரும் இல்லாமல் வாழும் தம்பதிக்கு இது எட்டாத ஏற்பாடு. அங்கே ஒருவர் தங்கியே ஆக வேண்டும். அப்போதும் பிள்ளைகளின் பயணம் ரத்தாகித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உறுதியான ரயில் டிக்கெட்டைப் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பாக எழுதிக் கேட்டு, தாய், தந்தை, உடன்பிறந்தவர் போன்ற குடும்பத்தாரின் பெயருக்கு மாற்றிக்கொள்ள ரயில்வே விதி இடம் தருகிறது. அம்மாவுக்குப் பதில் மாமா துணைக்குப் போகலாம்.

குடும்பம் இத்தனையும் செய்த பிறகும் ஒரு குறை பாக்கி இருக்கிறது. அது ஆலை வாசலில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. உறுப்பினர் நோயுற்றால், தகுதி இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கிறது. குடும்பத்தாருக்குச் சிகிச்சையும் கிடைக்கிறது. ஆனால் படுத்திருக்கும் கணவனையோ மனைவியையோ கவனிக்க லீவு எடுத்தால் எதுவும் கிடையாது. 2020-இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, விடுப்புக்கான 240 நாள் தகுதியை 180 நாளாகக் குறைத்தது நல்லதுதான். வாழ்க்கைத்துணையைப் பார்த்துக்கொள்ளத் தனி விடுப்பு அதிலும் இல்லை. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 156-ஆம் உடன்படிக்கை 1981-இலேயே வந்தது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் ஆண்டுக்கு ஐந்து வேலை நாளைப் பராமரிப்பு விடுப்பாக விதித்தது. ஜப்பான் பராமரிப்பு தேவைப்படும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 93 நாள் வரை தருகிறது.

"இப்படிக் கொடுத்தால் பொய் சொல்லி லீவு போடுவார்கள், லைன் நின்றுவிடும்" என்று நிர்வாகங்கள் அஞ்சலாம். மருத்துவச் சான்று கேட்டால் பொய் குறையும். லைன் இன்றைக்கும் நிற்கத்தான் செய்கிறது. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவர் சொல்லாமலே நின்றுவிடுகிறார், மாற்றாள் போட சூப்பர்வைசருக்கு நேரம் கிடைப்பதில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பண்டிகைக்கு அனுமதித்த லீவை, வீட்டில் நோய் என்று சான்று காட்டினால் இரண்டு மாதத்துக்குள் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நிறுவனம் அறிவித்தால் அதற்குப் பெரிதாகச் செலவில்லை. பயணத்தைத் தள்ளிப்போட முடிந்தால் பெரும்பாலான குடும்பங்கள் தள்ளித்தான் போடும். திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் போனஸோடு இந்த ஒரு வரியையும் கேட்டு வாங்க வேண்டும். அதுவரை, நோயாளிக்குத் துணையை உறுதி செய்துவிட்டு, அவர் மனதறிந்து கிளம்பும் குடும்பத்தைப் பார்த்துக் குற்றம் சொல்லாதீர்கள். முடிந்தால் அந்த வீட்டுக்கு ஒருவேளைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள்.