தினமும் ஆபீஸுக்கு... பழைய ஜீப்பிலா?

திங்கட்கிழமை காலை 9.10. கத்திப்பாரா மேம்பாலத்துக்குக் கீழே என் ஜீப் நின்றுவிட்டது. ஒரு தும்மல், ஒரு விக்கல், அப்புறம் மௌனம். பின்னால் நூறு ஹாரன்கள். டிராஃபிக் கான்ஸ்டபிள் ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மனுஷர் தொப்பியைச் சரி செய்துகொண்டு பின்பக்கம் போய்த் தள்ள ஆரம்பித்துவிட்டார்!

"இதுவரைக்கும் டிபார்ட்மென்ட் ஜீப்பைத்தான் ஸார் தள்ளியிருக்கேன். பப்ளிக் ஜீப்பைத் தள்றது இதான் ஃபர்ஸ்ட்டு!"

ஆபீஸில் அரை நாள் லீவு காலி. சாயங்காலம் புதுப்பேட்டை பாய் வந்து பானெட்டைத் திறந்து, ஐந்து நிமிஷத்தில் கோளாறைக் கண்டுபிடித்தார். டாங்க்கிலிருந்து டீசல் வருகிற ரப்பர் ஹோஸில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு. அது வழியாகக் காற்று புகுந்து 'ஏர் லாக்'. புது ஹோஸின் விலை, நாங்கள் அன்றைக்குச் சாப்பிட்ட டீ, சமோசாவைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள். இருபத்தைந்து வயசான ரப்பரை மாற்றாதது கம்பெனியின் குற்றமில்லை. என் குற்றம்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் செக்ஷனில் ஒரு பையன். வயசு 27, கல்யாணம் ஆகவில்லை. பழைய ஜீப் வாங்குவதற்காக ஆபீஸ் சொஸைட்டியில் மூன்று லட்சம் லோன் கேட்டிருக்கிறான். ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டிய புண்ணியவான் அடியேன். "ஸார், உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கே... டெய்லி ஆபீஸுக்கு ஓட்டினா தாங்குமா?" என்று ஒரே கேள்வியை ஒரு மாசமாகக் கேட்கிறான். அவன் தவணை கட்டவில்லையென்றால் என் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். ஆகவே பதிலை ஜாக்கிரதையாக யோசிக்க வேண்டியிருந்தது.

இரும்பைப் பற்றி நோ கவலை! யுத்த காலத்து வில்லிஸ் ஜீப்பை மஹிந்திரா இங்கே கொண்டுவந்தது 1947-ல். அந்த வம்சத்தில் எண்பதுகளில் வந்த எம்.எம்.540-க்கு பெஷோ வடிவமைத்த 2112 சி.சி. டீசல் இன்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த யாரும் கை வைக்கலாம். (யாரும் கை வைக்கலாம் என்பதுதான் அதன் தலைவலியும்!) 1985 டிசம்பரில் வந்த மாருதி ஜிப்ஸி முதலில் 970 சி.சி. பெட்ரோல், 1996-லிருந்து 1.3 லிட்டர். 2019-ல் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டாலும், ராணுவம் நிறைய வாங்கி ஓட்டிய வண்டி என்பதால் பார்ட்ஸ் இன்னும் நடமாடுகிறது. ஜி.பி. ரோட்டில் புதுசு, புதுப்பேட்டையில் பழசு.

அப்படியானால் ஏன் நடுரோட்டில் நிற்கிறது?

இதற்குப் பதில் எனக்குக் கிடைத்த இடம் கொழுக்குமலை. இடம் தேனி மாவட்டத்தில். ஆனால் ஜீப்பில் போக கேரளப் பக்கம் சூரியநெல்லிக்குப் போய்த்தான் ஏறவேண்டும். அதைப் பாதை என்று சொன்னால் பாதைகள் கோபித்துக்கொள்ளும். வெறும் பாறை. விடியற்காலை சூரியோதயம் பார்க்க எங்களை ஏற்றிக்கொண்டு போன ஜீப், என்னுடையதைவிட வயசில் மூத்தது. ஒரு முனகல் இல்லாமல் ஏறியது. இறங்கியதும் டிரைவரிடம் கேட்டேன்.

"எப்படிங்க தாங்குது?"

"தாங்கல ஸார். டெய்லி ஒண்ணு போகும். டெய்லி ஒண்ணு மாத்துவோம். சாயந்திரம் ட்ரிப் முடிஞ்சா நான் வண்டிக்கு மேல இருக்கமாட்டேன், கீழதான் இருப்பேன். கிரீஸ் அடிக்காம வீட்டுக்குப் போனா தூக்கம் வராது."

பாய் இதையே வேறு மாதிரி சொன்னார்: "இரும்பு கிலோமீட்டர் பார்க்கும் ஸார். ரப்பர் காலண்டர் பார்க்கும்."

இதுதான் சங்கதி. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்து மயங்குகிறோம். 'டாக்டர் வண்டி ஸார், ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுப்பார்' என்றால் உடனே அட்வான்ஸ் கொடுக்கிறோம். நிற்கிற வண்டியில்தான் ஹோஸ் காய்ந்து வெடிக்கிறது, ஃபேன் பெல்ட் பாளம் பாளமாகிறது, ஆயில் சீல் விறைத்து ஒழுகுகிறது, பிரேக் சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் கப் இறுகுகிறது, ஒயரின் மேல்தோல் பொடிப்பொடியாக உதிர்கிறது. இன்ஜின் பொக்கிஷமாக இருக்கும். எண்பது ரூபாய் ரப்பர் உங்களை நடுத்தெருவில் நிறுத்திவிடும்! தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் வாங்கிய முதல் மாசமே, கெட்டதோ நல்லதோ, ரப்பர் என்று பெயருள்ள அத்தனையையும் மாற்றிவிடுவது உத்தமம். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வைக்காதவர்கள் பஸ் பாஸ் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது, ஆபீஸ் போகிற லட்சணம். மலை ஜீப் நாள் முழுக்க ஓடுகிறது. நம் ஜீப்? ஆறு கிலோமீட்டர், பதினாலு சிக்னல். ஐடிலில் நிற்கும்போது இன்ஜினோடு சுற்றுகிற ஃபேன் மெதுவாகத்தான் சுற்றும். ரேடியேட்டரிலோ பழைய ஓனர் வருஷக்கணக்காக ஊற்றிய போர் தண்ணீரின் உப்பு. மே மாசம் வடபழனி சிக்னலில் டெம்பரேச்சர் முள் மெள்ள எழுந்து நிற்கிற காட்சி இருக்கிறதே, பேய்ப் படமே வேண்டாம். அசட்டையாக இருந்தால் ஹெட் கேஸ்கெட் போகும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து கூலன்ட் ஊற்றினால் பாதிப் பேய் ஓடிவிடும்.

அப்புறம் அந்த ஃபோர் வீல் கியர். பெரும்பாலானவர்கள் அந்தச் சின்ன லீவரைப் பிடித்துப் போட்டோ எடுப்பதோடு சரி. மாசக்கணக்கில் போடாமல் விட்டால் கிரீஸ் காய்ந்து இறுகிவிடும். அதற்காக அண்ணா சாலையில் போட்டுவிடாதீர்கள்! திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருளும். இந்தப் பழைய வண்டிகளில் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் டயர் வழுக்கிக்கொடுக்காது, முறுக்கு முழுக்க கியருக்குள் போகும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மணலோ மண்ணோ இருக்கிற இடத்தில் கொஞ்ச தூரம் ஓட்டினால் போதும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நான் ஏன் என் ஜீப்பை விற்கவில்லை? 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். கார்கள் எல்லாம் படகு மாதிரி மிதக்க, மாடி வீட்டு மாமிக்கு மூச்சுத் திணறல். பழைய டீசல் இன்ஜினில் நனைந்து அணைகிற ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்று இழுக்கிற வாய் தண்ணீருக்கு மேலே இருந்தால் ஓடும். ஓடியது. ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுபோய் விட்டது. திரும்பும்போது பிரேக் பிடிக்கவில்லை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், நாலும் ஊறிப்போய்விட்டன. மிதித்துக்கொண்டே ஊர்ந்து காய வைத்தேன். அடுத்த வாரம் பாய் டிஃபரன்ஷியலின் டிரெய்ன் பிளக்கைத் திறந்தார். எண்ணெய்க்குப் பதில் பால் டீ கொட்டியது. தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியே ஓட்டியிருந்தால் பல்சக்கரம் அரைபட்டிருக்கும். மாமி பிழைத்தார், எனக்குத்தான் அந்த மாசம் சம்பளம் பிழைக்கவில்லை.

ஜிப்ஸி ஆசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2025-ல் நாடு முழுக்க இருபது சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. கார்புரேட்டர் காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊதிப்போகும், இல்லை கரையும். எத்தனால் தாங்குகிற ஹோஸ், டயஃப்ரம் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் 'அப்புறம் பார்க்கலாம்' வேண்டாம், அது தீ சமாசாரம்.

பேப்பர் விஷயமும் லேசில்லை. பதினைந்து வருஷம் ஆனதும் ஆர்.டி.ஓ.வில் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதே சடங்கு. 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. இருபது வருஷம் தாண்டியவற்றுக்கு அதற்கப்புறம் இன்னும் ஏறியிருக்கிறது. பசுமை வரி தனி. பழைய ஜீப்புகளில் இன்ஜினை மாற்றுவது சட்டை மாற்றுகிற மாதிரி. ஆகவே இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

பையனிடம் இதெல்லாம் ஒப்பித்தேன். முகம் வாடவில்லை. "சரி ஸார், பார்க்கப்போறப்ப என்ன எடுத்துட்டுப் போகணும்?" என்றான்.

"ஒரு பழைய லுங்கி, ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர். புது பெயின்ட்டைப் பார்க்காதே. லுங்கியை விரிச்சுக் கீழே படு. சேஸிஸ்ல பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடம், பேட்டரி வெச்சிருக்கிற தட்டு, மிதியடிக்கு அடியில ஃப்ளோர்... எல்லாத்தையும் குத்திப் பார். ரப்பர் மாத்தலாம், இன்ஜின் மாத்தலாம். சேஸிஸ் துருப்பிடிச்சா தெய்வத்தாலும் ஆகாது. முக்கியமா கடலோர வண்டின்னா ரெண்டு தடவை குத்து."

சனிக்கிழமை பாலவாக்கத்தில் ஒரு வண்டி பார்க்கப் போனான். பளபளவென்று பச்சை பெயின்ட், புது டயர், ஓனர் ஃபில்டர் காபியே கொடுத்தாராம். திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்தபோது சட்டைக் காலரில் துருப்பொடி.

"குத்தினியா?"

"குத்தினேன் ஸார். உள்ள போயிடுச்சு."

"எவ்வளவு?"

"கைப்பிடி வரைக்கும்."

ஜாமீன் பாரத்தை மறுபடி டிராயருக்குள் வைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் உக்கடத்தில் வேறொன்று இருக்கிறதாம். லுங்கியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறான்.