திரையில் தோன்றும் 'அம்மா'

வலைப்பக்கம் அமைக்கக் கற்கத் தொடங்குவோரை முதலில் மிரட்டுபவை அத்துறையின் சொற்கள்தாம். சர்வர், பிரவுசர், எச்.டி.எம்.எல்., யூ.ஆர்.எல். என்று அவை வரிசையாக வந்து நிற்கின்றன. இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'அம்மா' என்ற ஒரே சொல் கொண்ட சிறு பக்கத்தை நீங்கள் எழுதுவதாகக் கொள்ளுங்கள். அது பிறர் திரையைச் சென்றடையும் வழியைக் கவனித்தால், ஒவ்வொரு சொல்லின் பொருளும் தானே விளங்கிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். இணையமும் வலையும் ஒன்றல்ல. உலகெங்கும் உள்ள கணிப்பொறிகளை இணைக்கும் பாதைகளின் தொகுதியே இணையம். அது சாலையைப் போன்றது. அச்சாலையில் ஓடும் பல ஊர்திகளுள் ஒன்றே வலை, மின்னஞ்சல் மற்றொன்று. இணையத்துக்கு அடிப்படையான விதிகளை ஆர்ப்பாநெட் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி அமைப்பு 1983 ஜனவரி 1 அன்று மேற்கொண்டது. வலை அதற்குப் பின் தோன்றியது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் அதற்கான திட்டத்தை முன்வைத்தார். ஆய்வுக் குறிப்புகள் வெவ்வேறு வகைக் கணிப்பொறிகளில் சிதறிக் கிடந்ததே அவரை இம்முயற்சிக்குத் தூண்டியது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அதை எழுத நோட்பேட் போன்ற எளிய மென்பொருளே போதும். ஆனால் எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று கணிப்பொறிக்கு உணர்த்த வேண்டுமல்லவா? அதற்காகக் கோண அடைப்புக்குள் இடும் குறிப்பே டேக். அடைப்புக்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்தை இட்டால் பத்தி தொடங்குகிறது. அவ்வெழுத்துக்கு முன் ஒரு சாய்கோட்டைச் சேர்த்தால் பத்தி முடிகிறது. அச்சகத்துக்கு அனுப்பும் கையெழுத்துப் படியின் ஓரத்தில் 'இது தடித்த எழுத்து' என்று ஆசிரியர் குறிப்பதைப் போன்றது இது. இத்தகைய டேக்குகளால் ஆன மொழியே எச்.டி.எம்.எல்.

எழுதிய கோப்பை, எந்நேரமும் விழித்திருந்து கேட்போருக்கு எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறியில் வைக்க வேண்டும். அதுவே சர்வர். கோப்பைக் கேட்டு வாங்கி, டேக்குகளைப் படித்து, திரையில் பக்கமாகக் காட்டும் மென்பொருள் பிரவுசர். இவ்விரண்டும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். இடையில் இருப்பவர் படித்துவிடாதபடி மறைத்துப் பேசும் வகை எச்.டி.டி.பி.எஸ். எந்தச் சர்வரில் எந்தக் கோப்பு என்று கூறும் முகவரியே யூ.ஆர்.எல். முகவரியில் நாம் பெயரை எழுதுகிறோம். கணிப்பொறிகளோ ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடு டி.என்.எஸ்.

பக்கம் வந்துவிட்டது. ஆனால் 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ புரியாத குறிகள்! ஏன்? கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். யூனிகோடு ஏற்பாட்டில் 'அ'வின் எண் 2949. யூ.டி.எஃப்.-8 என்னும் முறை இதனை 224, 174, 133 என மூன்று பைட்டுகளில் எழுதுகிறது. அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகள் சேர்ந்த 'அம்மா'வுக்கு 15 பைட்டுகள் வேண்டும். பிரவுசர் தவறாக ஒரு பைட்டை ஓர் எழுத்தாகக் கொண்டால், 'அம்மா' 15 துண்டுகளாகச் சிதறிவிடுவாள்! ஆகவே கோப்பை யூ.டி.எஃப்.-8 முறையில் சேமியுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் 'மெட்டா' என்னும் டேக் இட்டு, அம்முறையின் பெயரையும் அதில் குறித்துவிடுங்கள். தமிழில் பக்கம் அமைப்பவர் மறக்கக்கூடாத வரி இது.

1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் தன் வலை மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. வலைப்பக்கம் எழுத இன்று நாம் யாரிடமும் உரிமம் பெற வேண்டியதில்லை. முதல் முயற்சிக்கு இணைய இணைப்புக்கூட வேண்டாம். சேமித்த கோப்பை உங்கள் பிரவுசரிலேயே திறந்து பாருங்கள். 'அம்மா' சிதறாமல் தோன்றினால், பாதிப் பாடம் முடிந்தது!