அணு அச்சுறுத்தல் தடுப்பு முன்னெடுப்பு

அணு அச்சுறுத்தல் தடுப்பு முன்னெடுப்பு என்பது, அணுப்பொருள் பயங்கரவாதிகளின் கைக்குச் செல்லாமல் தடுப்பதற்கான கொள்கை ஆய்வுகளையும் களப்பணிகளையும் மேற்கொள்ளும் அமெரிக்கத் தனியார் அமைப்பு ஆகும். சி.என்.என். நிறுவனர் டெட் டர்னரும் முன்னாள் செனட்டர் சாம் நன்னும் 2001இல் இதைத் தொடங்கினர். டர்னரின் நன்கொடையே இதன் தொடக்க நிதியாகும்.

பெல்கிரேடு அருகிலுள்ள வின்சா ஆய்வு நிலையத்தில், அணுகுண்டு செய்யப் பயன்படக்கூடிய உயர்செறிவு யுரேனியம் ஏறத்தாழ 48 கிலோகிராம் போதிய பாதுகாப்பின்றி இருந்தது. அதை ஒப்படைக்க வேண்டுமானால், அங்குத் தேங்கிக் கிடந்த பயன்படுத்திய எரிபொருளை அகற்றவும் உதவ வேண்டும் என்று யுகோஸ்லாவியா கேட்டது. அப்பணிக்குச் செலவிட அமெரிக்க அரசுக்குச் சட்டம் இடம் தரவில்லை. இவ்வமைப்பு 50 லட்சம் டாலர் தர முன்வந்தது. 2002 ஆகஸ்டில் யுரேனியம் ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டது.

தனியார் நிதி ஓர் அவசரத் தடையை நீக்கியது. ஆனால் பல நாடுகளில் இதே பணியைத் தொடர அரசின் நிதியும் அதிகாரமும் தேவைப்பட்டன. 2004இல் அமெரிக்க அரசு அதற்கெனத் தனித் திட்டம் தொடங்கியது.