பட்டியல் யார் கையில்?

நன்கொடையாளர், தொண்டர் விவரங்களைக் காக்க இலவச சாஃப்ட்வேர் தயாராக இருக்கிறது. அதைத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளத் தொண்டு நிறுவனங்கள் தயாரா?

நிதியாண்டு முடிந்து கணக்கு கொடுக்கும் நேரம் வந்துவிட்டால் நாட்டின் பல தொண்டு நிறுவன அலுவலகங்களில் ஒரே காட்சிதான். கணக்காளரின் கம்ப்யூட்டரில் 'நன்கொடையாளர் ஃபைனல்' என்றொரு எக்செல் ஃபைல். திட்ட அலுவலரின் லேப்டாப்பில் 'ஃபைனல் 2'. நிறுவனரின் பழைய டைரியில் மூன்றாவது பட்டியல். மூன்றிலும் இருக்கும் லட்சுமி ஒரே ஆளா, மூன்று பேரா என்று யாருக்கும் தெரியாது. ரசீது இருந்தால் பான் எண் இல்லை. பான் எண் இருந்தால் முகவரி பழையது.

ஒரு காலத்தில் இது வெறும் அலுவலகச் சோம்பல். இப்போது சட்டப் பிரச்சினை. வரிச் சலுகை பெறும் நிறுவனங்கள், யார், எவ்வளவு, எந்த வழியில் கொடுத்தார்கள் என்பதை அடையாள எண்ணுடன் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2021-22 நிதியாண்டிலிருந்து வந்தது. முதல் அறிக்கைக்கு 2022 மே 31 கெடு. தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 200 கட்டணம் என்றும் சட்டத்தில் சேர்த்தார்கள். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. பட்டியலில் பெயர் விடுபட்டவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. அடுத்த வருடம் எந்த முகத்தோடு அவரிடம் போய் நிற்பது?

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை 2005லேயே வந்துவிட்டது. பெயர் சிவிசிஆர்எம். யாஹூ நிறுவனத்தின் ஆரம்பகாலப் பொறியாளர்களில் ஒருவரான டொனால்ட் லோபோவும் அவரது சகாக்களும் லாப நோக்கமற்ற அமைப்புகளுக்காகவே உருவாக்கிய சாஃப்ட்வேர். லைசென்ஸ் கட்டணம் கிடையாது. மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா ஃபவுண்டேஷன் தன் நன்கொடையாளர் விவரங்களை இதில்தான் வைத்திருக்கிறது. நியூயார்க் மாநில செனட், தொகுதி மக்களுடனான தொடர்புகளைக் கவனிக்க இதையே தன் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டது.

கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் எழுதப்பட்ட சாஃப்ட்வேரிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது? கம்பெனிக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்: வாங்குபவர். தொண்டு நிறுவனத்தில் அப்படியல்ல. போன வருடம் ரத்ததான முகாமுக்கு வந்த இளைஞர் இந்த வருடம் தொண்டர். அவருடைய அப்பா நன்கொடையாளர். அவர் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு திட்டத்துக்குப் பணம் தருகிறது. சிவிசிஆர்எம்மில் தனிநபர், குடும்பம், அமைப்பு என்று மூன்று வகைப் பதிவுகள் உண்டு. அவற்றுக்கிடையே உள்ள உறவையும் குறித்து வைக்கலாம். நன்கொடை, கூட்டம், உறுப்பினர் சந்தா, அனுப்பிய கடிதம் எல்லாம் ஒரே ஆளின் பக்கத்தில் வந்து சேரும்.

பெயரில் தொடங்கும் சிக்கல்

ஆனால் நிறுவிய முதல் நாளே இந்தியத் தலைவலி ஆரம்பமாகிவிடுகிறது. சாஃப்ட்வேர் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிறது. இனிஷியல் மட்டுமே உள்ள தமிழர் எதை எழுதுவார்? வீட்டுப் பெயரை முன்னால் வைக்கும் தெலுங்கர்? ஒரு ஊழியர் இனிஷியலைக் கடைசிப் பெயராக்குவார்; இன்னொருவர் அப்பா பெயரை முழுசாகப் போடுவார். லட்சுமியை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். ஒருவர் தமிழிலும் மற்றவர் ஆங்கிலத்திலும் பதிந்தால் கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர்.

ஒரே ஆள் இரண்டு முறை பதிவாவதைக் கண்டுபிடிக்க இதில் விதிகள் உண்டு. வழக்கமான விதி இமெயில் முகவரியைத்தான் பெரிதும் நம்புகிறது. அப்பா, அம்மா, மகன் மூவருக்கும் ஒரே இமெயில், ஒரே செல்போன் என்றிருக்கும் வீடுகளில் இந்த விதி மூன்று பேரை ஒருவராக்கிவிடும். அம்மா கொடுத்த பணம் மகன் பெயரில் ஏறும். எனவே பான் எண், செல்போன் எண், பெயர் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்படி விதியை மாற்ற வேண்டும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதையும் சொல்லித்தர வேண்டும். உள்நாட்டு நன்கொடையையும் வெளிநாட்டு நன்கொடையையும் தனித்தனி வகையாகப் பிரிக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வெளிநாட்டுப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும் என்பதால் இதில் குழப்பம் வந்தால் விபரீதம்.

நல்ல செய்தி, இதில் எதற்கும் புரோகிராம் எழுதத் தேவையில்லை. திரையிலேயே புதிய கட்டங்களைச் சேர்க்கலாம், விதிகளை மாற்றலாம். சட்டம் மாறும்போதுதான் இந்தச் சுதந்திரத்தின் அருமை தெரியும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நிறைவேறிய புதிய சட்டத்தில், நன்கொடையாளர்கள் மனப்பாடமாக வைத்திருந்த 80ஜி பிரிவே 133 ஆகிவிட்டது. இத்தகைய மாற்றத்துக்கு சாஃப்ட்வேர் விற்ற கம்பெனியின் தயவை எதிர்பார்த்து நிற்பது ஒரு வகை. தானே ரசீதைத் திருத்திக்கொள்வது இன்னொரு வகை.

ஆர்வக் கோளாறு

கெட்ட செய்தி, இந்தச் சுதந்திரமே பலரைக் கவிழ்க்கிறது. வழக்கமான கதை இது: சேவை மனப்பான்மையுள்ள ஓர் இளம் இன்ஜினியர் வருகிறார். சாஃப்ட்வேரின் உள்ளேயே கை வைத்து ரசீது வடிவத்தை மாற்றுகிறார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆறு மாதத்தில் அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கிறது. சிவிசிஆர்எம்மின் புதிய பதிப்பு மாதாமாதம் வெளிவருகிறது. அடுத்த பதிப்பை ஏற்றியதும் அவர் செய்த மாற்றம் காணாமல் போகிறது. பயந்துபோன நிறுவனம் புதிய பதிப்புகளை ஏற்றுவதையே நிறுத்துகிறது. பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமல் நன்கொடையாளர் பட்டியல் திறந்த வீடாகக் கிடக்கிறது. மூல நிரலைத் தொடாமல், தனி இணைப்பாக எழுதிச் சேர்க்க வழி இருக்கிறது. அதை மட்டுமே அனுமதிப்பது என்று முதல் நாளே முடிவெடுத்தவர்கள் தப்பிக்கிறார்கள்.

இன்னொரு வியாதி, கட்டங்களைப் பெருக்குவது. இலவசமாயிற்றே என்று ஜாதி, நோய், வருமானம், ஆதார் என அறுபது கட்டங்கள் சேர்ப்பார்கள். களப்பணியாளர் ஏழைத்தான் நிரப்புவார். மீதியில் பாதி காலி, பாதி பொய். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய பிறகு இது வெறும் வீண் வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. விவரங்களைப் பாதுகாக்கத் தவறினால் ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. உதவி பெறுபவரின் நோய் விவரத்தை ரசீது போடுபவர் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? யார் எதைப் பார்க்கலாம் என்று வரம்பு கட்டும் வசதி சாஃப்ட்வேரில் இருக்கிறது. வரம்பு எது என்பதை நிறுவனம்தான் தீர்மானிக்க வேண்டும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்தே ஆக வேண்டும். விலை இல்லையே தவிர, தீனிச் செலவு உண்டு: சர்வர் வாடகை, தினசரி பேக்கப், பதிப்பு மாற்றம், ஊழியர் பயிற்சி. இருநூறு நன்கொடையாளர்கள் மட்டுமே உள்ள அமைப்புக்கு ஒழுங்காக வைத்த ஒரே ஒரு எக்செல் ஃபைல் போதும். தொழில்நுட்பம் தெரிந்த ஒருவரைக்கூட வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு மாத வாடகை வாங்கும் சேவையே நிம்மதி தரலாம். சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற வர்த்தக நிறுவனமே தொண்டு அமைப்புகளுக்குப் பத்து லைசென்ஸ்களை இலவசமாகத் தருகிறது. பதினோராவது ஊழியருக்கும் பிற்காலத்து நிபந்தனைகளுக்கும் அவர்கள் தயாராக இருந்தால் சரி.

சிவிசிஆர்எம்முக்கு எட்டாத இடமும் இருக்கிறது. அது இமெயில் பழகிய சமூகத்துக்காகப் பிறந்தது. இந்தியக் கிராமத்துத் தொண்டருக்கு இமெயில் கிடையாது, வாட்ஸ்ஆப் உண்டு. இதை லோபோவே உணர்ந்திருக்க வேண்டும். இந்தியத் தொண்டு நிறுவனங்களுக்காக அவர் தொடங்கிய பிராஜெக்ட் டெக்4டெவ், வாட்ஸ்ஆப் உரையாடல்களைக் கவனிக்கும் கிளிஃபிக் என்ற சாஃப்ட்வேரை 2020இல் கொண்டுவந்தது. அதுவும் திறந்த மூல நிரல்தான்.

கடைசியில் எல்லாம் ஒரு எளிய கேள்வியில் வந்து நிற்கிறது. நாளைக்கே கணக்காளர் ராஜினாமா செய்தால், பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும்? எந்தக் கட்டம் எதற்காக என்று எழுதி வைத்த இரண்டு பக்கக் குறிப்பு உண்டா? இந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்கும் நிறுவனம் எந்த சாஃப்ட்வேரிலும் பிழைத்துக்கொள்ளும். பதில் இல்லாத இடத்தில், மாறுவது ஒன்றுதான்: எக்செல்லில் இருந்த குழப்பம் சர்வருக்குக் குடிபெயரும்.