ஒழுகுவது இங்கே, கோளாறு எங்கே?

டீசல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் வாயுவின் சூடு 2,000 டிகிரி செல்சியஸை நெருங்கும். பிஸ்டன் அலுமினியக் கலவை. 600 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்கிவிடும். சிலிண்டரைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பும் 1,200 டிகிரிக்கு மேல் தாங்காது. அந்த இரும்புச் சுவருக்கு அந்தப் பக்கம், விரற்கடைத் தூரத்தில், 85 டிகிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் உருகி வழியாமல் இருப்பது அதன் புண்ணியத்தில்தான்.

ஒரு காலத்தில் நம் நெடுஞ்சாலைகளை நிறைத்திருந்த டாடா 1210 லாரியை எடுத்துக்கொள்வோம். அதன் எஞ்சினுக்கு 697 என்று எண்: 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 97 மி.மீ. உள்விட்டம். திறன் சுமார் 110 குதிரைத்திறன். எரிகிற டீசலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடும். மிச்சத்தில் பெரும்பகுதி தண்ணீரின் தலையில் விழுகிறது. பாரத்தோடு மேடேறும் லாரியில் அந்தத் தண்ணீர் சுமந்துபோகும் சூடு, குளியலறை கீசர் 25ஐ ஒரே நேரத்தில் போட்டுவிட்டதற்குச் சமம்.

கீசர் கம்பியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்புதான் இங்கேயும் வில்லன். போர் தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருப்பது, சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகிப் படிந்துவிடும். பெரும்பாலான உப்புகள் சூட்டில் அதிகம் கரையும், இது நேர்மாறு. எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் ஒட்டும். ஆக, எந்த இடத்துக்குக் குளிர்ச்சி அதிகம் தேவையோ, சரியாக அந்த இடத்துக்கே போர்வை போர்த்துகிறது. 1 மி.மீ. படிவு வெப்பத்தைத் தடுப்பதில் 25 மி.மீ.க்கும் மேற்பட்ட கனமுள்ள இரும்புக்கு ஈடு. இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. டேஷ்போர்டு மீட்டர் காட்டுவது தண்ணீரின் சூட்டை. இரும்பின் சூட்டை அல்ல. படிவுக்குப் பின்னால் சிலிண்டர் தலை தகித்துக்கொண்டிருக்கும், முள் பச்சையிலேயே நிற்கும்.

இதைக் கழுவுவதற்கு ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்துவிட்டால் போதாது. எஞ்சின் பிளாக்கிலேயே தனியாக ஒரு வடிகால் திருகு இருக்கிறது. பழைய வண்டியில் அதைக் கழற்றினால் பல நேரம் ஒன்றும் வராது. கம்பியை விட்டுக் குத்திய பிறகுதான் செம்மண் சேறு போலத் துரு இறங்கும். அடுத்து எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். அதைக் கரைத்து ஊற்றி எஞ்சினைச் சூடாக ஓடவிட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், துருவும் பிடி விடும். கழிப்பறை ஆசிட் வேலையைச் சீக்கிரம் முடித்துவிடும் என்பது உண்மை; கூடவே அலுமினியப் பாகங்களையும் அரித்துவிடும்.

கடைசியாக எதிர்க்கழுவல். வழக்கமாக ரேடியேட்டரில் தண்ணீர் மேலிருந்து கீழே பாயும். கழுவும்போது கீழ் ஹோஸில் குழாயைச் செருகி மேல்நோக்கி அடிக்க வேண்டும். குறுகிய குழல்களின் வாயில் வந்து சிக்கிய செதில்களை அதே திசையில் தள்ளினால் இன்னும் இறுகத்தான் செய்யும். வந்த வழியே திருப்பி அனுப்பினால் கழன்று வந்துவிடும்.

கழுவுகிற சாக்கில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூர எறிகிற வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சிறிய செம்புக் குப்பிக்குள் இருப்பது மெழுகு. 80 டிகிரி வாக்கில் மெழுகு உருகி, கன அளவில் ஏறக்குறைய 15 சதவீதம் வீங்கும். அந்த வீக்கம் ஓர் ஊசியைத் தள்ளி ரேடியேட்டருக்கான வழியைத் திறக்கிறது. மின்சாரம் கிடையாது, கணினி கிடையாது. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் சூடேற வெகுநேரமாகும். குளிர்ந்த சுவரில் பாதி எரிந்த டீசல் வழிந்து ஆயிலோடு கலக்கும். தண்ணீர்ப் பக்கம் செய்த காரியத்துக்கு ஆயில் பக்கம் விலை கொடுக்கும்.

இரண்டுக்கும் வேறு வழியிலும் உறவு உண்டு. எஞ்சின் அடிக்கடி கொதித்தால் ஆயில் சீலின் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிக்கும். அதனால் தண்ணீரைச் சரிசெய்யாமல் ஒழுக்கை அடைக்கப் போவது வீண் செலவு.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதே ஒரு துப்பறியும் வேலை. விசிறிக் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும், புவியீர்ப்பு கீழே இழுக்கும். சொட்டு விழுகிற இடம் கடைசி நிறுத்தம், அவ்வளவுதான். டீசல் போட்டுக் கழுவி, காயவைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். அதன் மேல்நுனியைப் பிடிக்க வேண்டும்.

அந்த நுனி ஆயில் சீலில் முடிந்தால் ஒரு அதிசயத்தின் முன் நிற்கிறோம். சுழலும் தண்டை அணைத்தபடி இருக்கும் இந்த ரப்பர் உதடு எண்ணெயை வெறுமனே மறிக்கவில்லை, பம்ப் செய்கிறது. உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு மைக்ரான் அளவில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தில், எண்ணெய்ப் படலம் இருக்கிறது. அது இல்லாவிட்டால் ரப்பர் கருகிவிடும். உதட்டின் எண்ணெய்ப் பக்கச் சரிவு செங்குத்து, காற்றுப் பக்கச் சரிவு தட்டை. தண்டு சுழலும்போது ரப்பரின் கண்ணுக்குத் தெரியாத முகடுகள் சாய்ந்து, வெளியே கசியப் பார்க்கும் எண்ணெயை உள்ளுக்கே விரட்டுகின்றன. சீலைத் திருப்பிப் போட்டுவிட்டால் அதே பம்ப் எண்ணெயை வெளியே இறைக்கும்.

இன்னொரு வேடிக்கை: மெத்தென்ற அந்த ரப்பர், எஃகுத் தண்டில் பள்ளம் தோண்டிவிடுகிறது. ரப்பரில் பதிந்த தூசி உப்புத்தாள் போல வேலை செய்வதுதான் காரணம். புதுச் சீலை அதே பள்ளத்தில் உட்காரவைத்தால் மறுபடி ஒழுகும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைப்பதே கை தேர்ந்தவர் வேலை.

டேப்பெட் கவருக்கு அடியில் இருக்கும் கார்க் பேக்கிங் கதையே வேறு. ரப்பரை மேலிருந்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும். கார்க் பிதுங்காது, காற்றடைத்த அதன் நுண்ணறைகள் அப்படியே மடங்கிக்கொள்ளும். ஒழுகுகிறதே என்று நட்டை மேலும் முறுக்கினால் தகரமூடிதான் வளையும்.

இத்தனையும் மாற்றிய பிறகும் எல்லா மூட்டிலும் ஆயில் வேர்க்கிறதா? பிரீதரைப் பாருங்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே நழுவும் வாயு வெளியேறுவதற்கான குழாய் அது. கசடு அடைத்துக்கொண்டால் வாயு உள்ளேயே தேங்கும். சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம் அழுத்தம் என்பது அற்பமாகத் தோன்றலாம். 60 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள ஒரு மூடியின் மேல் அது 60 கிலோ! எந்த பேக்கிங் தாங்கும்?

எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்துப் பார்க்கலாம். பிரீதர் சுத்தமாக இருந்தும் மூடி குதியாட்டம் போட்டால், மெக்கானிக் பாஷையில் அது பேக் கம்ப்ரஷன். வளையங்கள் தேய்ந்துவிட்டன. இனி சீல் மாற்றி ஆவதில்லை. எஞ்சினை இறக்க வேண்டியதுதான்.