மின்சாரம் போன பிறகு மிஞ்சுவது எது?

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைகளும் உருட்டாலைகளும் அதிகம். தூண்டல் உலைகள் ஓடும் பகுதிகளில் மின்னழுத்தம் ஏறி இறங்குவது புதிதல்ல. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலுக்குப் பின் அம்மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தகைய இடத்தில் எடைமேடைக்கோ கணக்குப் பிரிவுக்கோ ஒரு லினக்ஸ் சர்வர் வைப்பவர், வட்டை எந்தக் கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்வது என்று தேடினால், கண்ணில் படுவதெல்லாம் வேகப் பட்டியல்கள்தான். ஒரு நாளைக்குச் சில நூறு லாரிகளை எடைபோடும் கணினிக்கு அந்த வேகத்தால் பயனில்லை. கரண்ட் திடீரென்று போனால் எது மிஞ்சும், மீண்டும் வேலை தொடங்க எவ்வளவு நேரமாகும் என்பதே இங்கே அளவுகோலாக இருக்க வேண்டும்.

ஒரு பில்லைச் சேமிக்கும்போது கணினி பல இடங்களில் எழுதுகிறது: பில்லின் விவரம் ஓரிடத்தில், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு வேறிடத்தில், காலி இடக் கணக்கு இன்னோரிடத்தில். பாதியில் மின்சாரம் நின்றால் இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பழைய இஎக்ஸ்டி2 முறைமையில், மறுபடி இயங்கும்போது வட்டு முழுவதையும் சோதித்தாக வேண்டும். பெரிய வட்டு என்றால் காத்திருப்பும் நீளும். ஜர்னல் உள்ள முறைமை, சிட்டாவில் குறித்துக்கொண்டு பிறகு பேரேட்டில் ஏற்றும் கணக்கரைப் போலச் செயல்படுகிறது. மின்சாரம் திரும்பியதும் முழுமையாகக் குறித்த மாற்றங்களை நிறைவேற்றி, அரைகுறையானவற்றைக் கைவிடுகிறது. பெரும்பாலும் சில விநாடிகளில் முடிந்துவிடும். லினக்ஸில் இந்த வசதி 2001-ல் ரெய்சர்எஃப்எஸ் வழியாகவும், அதே ஆண்டு இறுதியில் இஎக்ஸ்டி3 வழியாகவும் வந்தது. ரெய்சர்எஃப்எஸ் 2025-ல் லினக்ஸ் கருநிரலிலிருந்தே (கெர்னல்) நீக்கப்பட்டுவிட்டது. பராமரிக்க ஆளில்லாத முறைமையில் பத்தாண்டுக் கணக்கை வைப்பது வீண் துணிச்சல்.

ஜர்னல் இருந்தால் எதுவும் அழியாது என்று நம்புவதும் தவறு. இஎக்ஸ்டி3-க்கு அடுத்து வந்த இஎக்ஸ்டி4 அதன் இயல்பான அமைப்பில் காப்பது வட்டின் கட்டுக்கோப்பைத்தான். கோப்பின் உள்ளடக்கம் ஜர்னலில் ஏறுவதில்லை. எழுதுவதைச் சற்றுத் தள்ளிப்போடும் அதன் வழக்கத்தால், கணினி திடீரென்று நின்ற பிறகு சில கோப்புகள் வெறும் பூஜ்ய அளவில் கிடந்தன என்ற புகார் 2009-ல் பெரிய சர்ச்சையானது. கருநிரலில் திருத்தம் வந்தது. ஆனாலும் முக்கியமான பதிவை உடனே வட்டில் எழுதச் சொல்வது மென்பொருளின் பொறுப்பு என்பது மாறவில்லை. உள்ளடக்கத்தையும் ஜர்னலில் எழுதும் அமைப்பு இஎக்ஸ்டி4-ல் உண்டு. அதில் எல்லாமே இருமுறை எழுதப்படுவதால் வேகம் குறையும். எடைமேடைக்கு அது பெரிய இழப்பல்ல.

யுபிஎஸ் இருக்கும்போது இவ்வளவு யோசனை எதற்கு என்று கேட்கலாம். பேட்டரி தேய்வது தெரிவதே கரண்ட் போன பிறகுதான். வயரைத் தவறுதலாகப் பிடுங்கினாலும் கருநிரல் உறைந்தாலும் யுபிஎஸ் உதவாது. ரெட்ஹேட் நிறுவனமே 2014-ல் தன் லினக்ஸில் எக்ஸ்எஃப்எஸ் என்ற முறைமையை இயல்புத் தேர்வாக்கியதே என்ற வாதம் இன்னும் வலுவானது. பெரிய கோப்புகளை இடைவிடாமல் எழுதும் கேமரா பதிவு சர்வருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் எக்ஸ்எஃப்எஸ் பகுதியைப் பெரிதாக்க மட்டுமே முடியும். சுருக்குவது நடைமுறையில் இயலாது. சிறு அலுவலகத்தில் வட்டுப் பகுதிகளை மாற்றியமைக்கும் தேவை அடிக்கடி வரும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு முறைமை ஜர்னலுக்குப் பதிலாக மாற்றத்தைப் புது இடத்தில் எழுதும் வழியைக் கையாள்கிறது. தரவு கெட்டால் கண்டுபிடிக்கவும் செய்கிறது. அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் அருகில் இருந்தால் எடுக்கலாம். மற்றவர்களுக்கு இஎக்ஸ்டி4 போதும்.

விண்டோஸில் டேலி ஓட்டுபவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. என்டிஎஃப்எஸ்ஸிலும் ஜர்னல் உண்டு, அதுவும் கட்டமைப்புக்கு மட்டும். ஆனால் மாலையில் பேக்கப் எடுக்கும் பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். இரண்டிலும் ஜர்னல் கிடையாது. நகலெடுக்கும்போது கரண்ட் போனால், மேலே சொன்ன பாதுகாப்பு எதுவும் அந்த நகலுக்குப் பொருந்தாது.