மலைச் சாலையில் தடுமாறும் தூரக் கணக்கு

புது தில்லி: அழைத்தவுடன் வரும் வாடகை வாகனங்களுக்குக் கட்டணம் நிர்ணயிப்பது எப்படி என்ற கேள்வி தலைநகரில் நெடுநாளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020-இல் வெளியிட்டது. 2025 ஜூலையில் அவற்றைப் புதுப்பித்தது. அடிப்படைக் கட்டணத்தை முடிவு செய்வது மாநில அரசுகளின் பொறுப்பு.

கட்டணத்துக்கு ஆதாரம் வண்டி ஓடும் தூரம். பல இடங்களில் காத்திருக்கும் பயணிகளை ஒரே வண்டி ஏற்றிவர, குறைந்தபட்சம் எவ்வளவு தூரம் ஓட வேண்டும்? யார், எங்கிருந்து அழைப்பார்கள் என்று தெரியாத நிலையில் இதை முன்கூட்டியே மதிப்பிட இயலுமா?

இயலும் என்கிறது கணிதம். அந்தக் கணக்கின் தொடக்கம் நம் நாட்டில்தான் என்பது பலர் அறியாத செய்தி.

சணல் வயலில் பிறந்த கணக்கு

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த பி.சி. மகலனோபிஸ், வங்கத்தில் சணல் பயிராகும் பரப்பை மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் மதிப்பிட்டார். ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் வயல்களுக்கு ஊழியர்கள் சென்றுவரும் பயணச் செலவையும் அவர் கணக்கிட வேண்டியிருந்தது. அந்தத் தூரம் ஏறத்தாழ இடங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியே கூடும் என்று அவர் 1940-இல் எழுதினார். பியர்ட்வுட், ஹால்டன், ஹாமர்ஸ்லி ஆகிய மூவர் 1959-இல் இதற்கு முறையான நிரூபணம் அளித்தனர்.

பரப்பையும் இடங்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தைச் சுமார் 0.7124 ஆல் பெருக்கினால், எல்லா இடங்களையும் சுற்றிவரும் மிகக் குறுகிய பாதையின் நீளம் ஏறத்தாழக் கிடைக்கும். 25 சதுர கிலோமீட்டர் பரப்பில் 100 பேர் என்றால் சுமார் 36 கி.மீ.; 400 பேர் என்றால் சுமார் 71 கி.மீ. பயணிகள் நான்கு மடங்கானாலும் தூரம் இரு மடங்கே. அதாவது, தலைக்கு ஆகும் தூரம் பாதியாகிறது. பகிர்வுப் பயணம் மலிவாக இருப்பதன் அடிப்படை இதுவே.

சாந்தன்பாறையில்

இந்தக் கணக்கு, எந்தத் திசையிலும் செல்ல வழியுள்ள சமவெளிக்கு உரியது. கேரளத்தின் இடுக்கி மாவட்டம், உடும்பன்சோலை வட்டத்திலுள்ள சாந்தன்பாறையில் நிலைமை வேறு. மூணாறு - குமுளி சாலையில் உள்ள இவ்வூரைச் சுற்றி ஏலக்காய்த் தோட்டங்கள். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்புகளில் தொழிலாளர்கள் மலையேறுகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பேருந்து எட்டாத தோட்டப் பாதைகளில் ஜீப்புதான் வாகனம்.

இங்கே பல பாதைகள் தோட்டத்துக்குள் சென்று அங்கேயே முடிந்துவிடுபவை. 4 கி.மீ. உள்ளே சென்று முடியும் பாதையின் கோடியில் ஒருவரை ஏற்றிவர 8 கி.மீ. ஓட வேண்டும். அதே இடத்தில் எட்டுப் பேர் நின்றாலும் 8 கி.மீ.தான், தலைக்கு ஒரு கிலோமீட்டர். எட்டுப் பேரும் இத்தகைய எட்டுப் பாதைகளில் இருந்தாலோ, பிரதான சாலையின் தூரம் நீங்கலாகவே 64 கி.மீ. ஆகிவிடும். வரைபடத்தில் நேர்கோடு போட்டுத் தூரம் கணிப்பது இங்கே பயன்படாது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரே இடத்தில் ஒன்பதாவது, பத்தாவது ஆளை ஏற்றினால் தூரம் கூடுவதில்லை. வருவாய் மட்டும் கூடுகிறது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. போடிமெட்டு போன்ற கொண்டை ஊசி வளைவுகளில் அதன் விலை உயிராக இருக்கலாம்.

காலியாக ஓடும் தூரத்தை ஈடுகட்ட, குறைந்தது 3 கி.மீ.க்கு அடிப்படைக் கட்டணம் பெறலாம் என்கின்றன மத்திய நெறிமுறைகள். நகரத்துக்கு இது போதுமானதாக இருக்கலாம், 4 கி.மீ. காலியாக ஏற வேண்டிய மலைப் பாதைக்குப் போதாது. மேலும், செயலிவழி சேவை நடத்தும் நிறுவனங்களுக்கான இந்நெறிமுறைகளில் தோட்ட ஜீப்புகள் அடங்கா.

எனவே, மலைப் பகுதிகளுக்குப் பாதை வாரியாகத் தூரத்தை அளந்து, காலி ஓட்டத்தையும் சேர்த்துக் கட்டணம் வகுப்பதே முறையாகும். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையில் ஆள் ஏற்றினாலே ஓட்டுநருக்குக் கட்டுப்படியாக வேண்டும். அந்தச் சுமை தொழிலாளியின் கூலியில் விழவும் கூடாது. தமிழகமும் கேரளமும் இணைந்து செய்ய வேண்டிய பணி இது.